மிஸ் பாஸ்கோவின் பத்திரிகை

ஆஸ்திரேலியாவின் மூண்டா என்ற சிற்றூரில் பத்திரிகைக் கடை வைத்திருந்த நொரீன் ட்ரெலோரிடம் ஓசியில் ஒரு வரி படித்துவிட முடியாது. மாட்டியிருக்கும் அட்டைகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம். அட்டையைத் திருப்ப விரல் போனதோ, தொலைந்தது. "இது என்ன லைப்ரரியா? வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி வச்சிட்டுப் போ!" என்று கல்லாவிலிருந்து குரல் பாயும். பள்ளி விட்டு வரும் பெண்பிள்ளைகளுக்கு அவள் சிம்ம சொப்பனம்.

அந்த வருடம் அவர்களைப் பிடித்திருந்த பைத்தியத்தின் பெயர் கோரி டெல்லர் என்ற பாடகன். பதினேழு வயது, கண்ணை மறைக்கும் முடி, மொத்தம் மூன்று பாட்டு. "பாட்டாடி அது? கம்பளி வெட்டுறப்ப ஆடு கத்துற மாதிரி இருக்கு" என்று நொரீன் தேவாலயத்து வாசலில்கூடச் சொல்லி வைத்திருந்தாள். விதி யாரை விட்டது? ஒரு மத்தியானம் கறி அடைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டே, அவன் பேட்டி வந்திருந்த வாரப் பத்திரிகையைச் சும்மா புரட்டியவள் கவிழ்ந்துவிட்டாள். பையன் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். ஹோட்டல் அறையில் தனியாகப் படுக்கப் பயமாம். நொரீனின் பெறாத வயிறு பதறியது.

வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். ஆகவே வாடிக்கைக்காரர்களுக்குப் பத்திரிகை எடுத்து வைக்கும் அலமாரியில், 'மிஸ் எட்னா பாஸ்கோ' என்று புதிதாக ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டினாள். அப்படி ஒரு ஆள் உலகத்திலேயே கிடையாது. மிஸ் பாஸ்கோவின் பிரதியை வாராவாரம் கையைச் சுத்தமாகக் கழுவிக்கொண்டு படித்தது நொரீன்தான்.

ஒரு வியாழக்கிழமை அட்டையிலேயே இடி விழுந்தது: 'பாட்டுக்கு முழுக்கா? கோரி மனம் திறக்கிறான்.' எல்லாப் பிரதிகளும் ஒரே மூச்சில் பறந்துவிட்டன. நொரீன் தன்னுடையதை எடுக்கப் போன நேரம், அந்தப் பெண்பிள்ளைகளில் ஒருத்தியான ரேலீன், பள்ளியில் தண்டனை முடிந்து மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவள் கண் நேரே அலமாரிக்குப் போனது.

"அதோ ஒண்ணு இருக்கே!"

"அது மிஸ் பாஸ்கோவோடது."

"சரி, அவங்க வர்றவரைக்கும் இருக்கேன். ஒரே ஒரு பக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சிக்கிறேன்."

படியில் உட்கார்ந்தவள் நகரவில்லை. நொரீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பையன் பாட்டை விடுகிறானா இல்லையா? பதில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, தொட முடியவில்லை.

"அவங்களுக்கு உடம்பு சரியில்லையாம். நீ வீட்டுக்குப் போ."

"அச்சச்சோ! குடுங்க, சைக்கிள்ல போய்க் குடுத்துட்டு வரேன். எங்க இருக்காங்க?"

"ரொம்பத் தூரம். பண்ணையில."

கடைக்குள் ஒரு மூலையில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்த புருஷன் மெர்வ் அப்போதுதானா தலையை நீட்ட வேண்டும்? "சுத்துவட்டாரத்துல எல்லாப் பண்ணைக்கும் நாந்தானே பேப்பர் போடுறேன். பாஸ்கோன்னு யாரும் இல்லையே, நொரீன்?"

நொரீனுக்கு வேர்த்துவிட்டது. "இருந்தாங்க. செத்துட்டாங்க!"

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். ரேலீன் ஒரு கணம் மரியாதையாகத் தலை குனிந்தாள். பிறகு சட்டைப்பையைத் துழாவிச் சில்லறையைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"பாவம். அப்ப அத எனக்கே குடுத்துடுங்க."

"குடுக்க மாட்டேன்!"

"செத்தவங்க எப்படிப் படிப்பாங்க, மிஸஸ் ட்ரெலோர்?"

"நானே இன்னும் படிக்கலடி!"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. மெர்வ் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். நொரீனின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. இத்தனை வருடம் கட்டிக் காத்த கெத்து அவ்வளவுதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது. ரேலீன் சிரிக்கவில்லை. அவளுக்குச் சிரிக்க நேரமில்லை. சில்லறையைத் திரும்பப் பொறுக்கிக்கொண்டு, கல்லாவைச் சுற்றி வந்து, நொரீனின் பக்கத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றாள்.

"சீக்கிரம் திருப்புங்க, மிஸ் பாஸ்கோ. பயமா இருக்கு."