பின்சீட்டுக்கு ஒரு ஸ்பிரிங்

ஸ்பிரிங் வேலை பார்க்கிறவனைத் தேடிச் சிரித்த முகத்தோடு யாரும் வருவதில்லை. வண்டி குதித்து, தலை கூரையில் இடித்து, வழியெல்லாம் வீட்டாரிடம் ஏச்சு வாங்கிய பிறகுதான் எங்கள் ஞாபகமே வரும். நீங்களும் ரிப்பேர் தொழிலில் இருந்தால் இதை விளக்க வேண்டியதில்லை. இல்லாதவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டுவிட்டு மேலே படியுங்கள்.

கோவில்பட்டியில் எனக்கும் மாடசாமிக்கும் கூட்டாக ஒரு பட்டறை. லோடு வண்டிகள்தான் பிழைப்பு. தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிறவர், பஞ்சுப் பொதி ஏற்றுகிறவர், மிளகாய் மூட்டை ஏற்றுகிறவர் எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: இன்னும் கொஞ்சம் பாரம் தாங்க வேண்டும். அதையே கேட்டுக் கேட்டு என் காதில் வேறு பேச்சே ஏறாமல் போய்விட்டது. அதனால் நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

வில்லன் கார்

ஒரு நாள் காலையில் கருநீலத்தில் ஒரு பழைய காண்டஸா வந்து நின்றது. அந்தக் காலத்துச் சினிமாவில் வில்லன் இறங்குவானே, அதே நீள மூக்குக் கார். இதிலிருந்து இறங்கியவரோ வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு சாதுவான மனுஷர். பெயர் பெருமாள்சாமி, ஊர் பசுவந்தனைப் பக்கம், தொழில் ஆடு வளர்ப்பு. காரின் பின்பக்கம் தொய்ந்து, பம்பர் தரையை முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு பழைய மெத்தை விரித்திருந்தது, கூடவே லேசாக ஆட்டு வாடை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷர் சந்தைக்குக் கிடாய்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். கேட்டால் சங்கடப்படுவார் என்று கேட்கவும் இல்லை. பின்பக்கத்தை நல்லபடியாக மாற்றித் தர வேண்டும் என்றார். எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, வேட்டி நுனியைத் திருகியபடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"பின்னாடி உக்காந்து போனா தாங்கணும் அண்ணாச்சி, அம்புட்டுதான்."

என் கைவரிசை

எங்களுக்குக் கார் வேலை வருவதே அபூர்வம். அதிலும் காண்டஸா. மாடசாமியும் நானும் போட்டி போட்டுக்கொண்டு வேலை பார்த்தோம். தொய்ந்துபோன சுருள் ஸ்பிரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தடிமன் கூடிய சுருளாகப் பார்த்துப் போட்டோம். சுருளுக்கு இடையில் ரப்பர் கட்டை. ஷாக் அப்சார்பரும் இருப்பதிலேயே கடினமானது. நாலு கிடாய் என்ன, எட்டு கிடாய் ஏற்றினாலும் பின்பக்கம் ஒரு விரற்கடை இறங்காது.

வண்டியை இறக்கி வைத்ததும் நானும் மாடசாமியும் டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தோம். அசையவில்லை. எங்கள் இரண்டு பேர் எடையையும் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும். பெருமாள்சாமி சுற்றிச் சுற்றி வந்தார். பின்பக்கம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் சீட்டை உள்ளங்கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான்தான் விடவில்லை, ஸ்பிரிங்கின் பெருமையைப் பேசியே அனுப்பி வைத்தேன். கார் தெருமுனை திரும்பியபோது மாடசாமி சொன்னார்:

"இனி அந்தாளு ஆயுசுக்கும் நம்ம பக்கம் வர மாட்டாரு வே."

மூன்றாம் நாள்

மூன்றாம் நாளே வந்துவிட்டார். இந்தத் தடவை பின்சீட்டில் ஆள் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலைச் சீட்டில் நீட்டி, முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி ஒரு அம்மா. பெருமாள்சாமியின் மனைவி ராமலட்சுமி. மழை நாளில் ஆட்டை விரட்டிக்கொண்டு வரப்பில் ஓடியபோது கரிசல் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது. வாரம் மூன்று நாள் கோவில்பட்டிக்கு வந்து பயிற்சி செய்தால் நடக்கலாம், விட்டால் கால் அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆட்டோவில் காலை நீட்ட முடியாது. யாரும் சீந்தாமல் கிடந்த அந்தக் காரை, பின்சீட்டின் அகலத்துக்காகவே தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார் மனுஷர். தாங்க வேண்டியது கார் இல்லை, அந்த அம்மாவின் இடுப்பு. ஒரு வார்த்தை கூடுதலாகக் கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

பழைய ஸ்பிரிங்கில் வலியோடாவது வந்துகொண்டிருந்தாராம். என் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உயிர் போய் வந்திருக்கிறது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்.

"ஒங்க வேலைய நான் கொறை சொல்லல அண்ணாச்சி. நான் நடக்காமலே இருந்துட்டுப் போறேன், இனிம இதுல ஏற மாட்டேன்."

எடை

இரண்டு நாள் பொறுங்கள், சரியாக்கித் தருகிறேன், அதற்குப் பிறகும் வலித்தால் ஏறவே வேண்டாம் என்று கெஞ்சினேன். ஊருக்குள்ளேயே பெருமாள்சாமியின் தங்கை வீடு இருந்தது. அதுவரை அங்கே தங்க அந்த அம்மா ஒருவழியாகச் சம்மதித்தார்.

மிருதுவான ஸ்பிரிங் போட வேண்டுமென்றால் பின்னால் ஏறும் எடை தெரிய வேண்டும். லாரிக்காரரிடம் எத்தனை டன் என்று கேட்டுப் பழகிய வாய், ஒரு பெண்பிள்ளையிடம் எப்படிக் கேட்கும்? பெருமாள்சாமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் காருக்குள் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், சந்தையில் நிற்பவர் மாதிரியே தலையைச் சாய்த்து, ரெண்டு கிடாய் எடை இருக்கும் என்றார். குரலைத் தணிக்கத் தெரியாத மனுஷர். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"மூணுன்னு போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. இவிய விக்கும்போதுதான் எடையக் கூட்டிச் சொல்லுவாவ."

நான் உட்கார்ந்த இடம்

இத்தனை வருஷத்தில் நான் வேலை பார்த்த எந்த வண்டியிலும் பின்னால் உட்கார்ந்ததில்லை. நம்மில் யார்தான் உட்காருகிறோம்? ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு சுற்று, பிறகு சாவியைக் கொடுத்துவிடுவோம். அன்றைக்கு ஸ்பிரிங்கை மாற்றுவதற்கு முன்னால், மாடசாமியை ஓட்டச் சொல்லிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்த மாதிரியே ஒருக்களித்துக் காலை நீட்டி உட்கார்ந்தேன். பசுவந்தனை ரோட்டில் இரண்டாவது வேகத்தடைக்கே எனக்கு முதுகுத்தண்டு எத்தனை கணு என்று தெரிந்துவிட்டது. முறியாத இடுப்பே இந்தப் பாடு பட்டால், ஆணி வைத்த இடுப்பு என்ன பட்டிருக்கும்? உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வந்து நான் பெருமைப்பட்ட எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். மதுரையில் சொல்லி வைத்து அந்தக் காருக்கே உரிய மெல்லிய சுருள் வாங்கி வந்தோம். இளகின ஷாக் அப்சார்பர், தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷெல்லாம் புதுசு, டயரில் காற்றும் கொஞ்சம் குறைச்சல். ஒவ்வொன்றை மாற்றும்போதும் அதே ரோடு, அதே சீட்டு, அதே நீட்டிய கால். வேகத்தடை வரும்போதெல்லாம் நான் முன்கூட்டியே முனக, ஐந்தாவது நடையில் மாடசாமிக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன வே, டெஸ்ட் பாக்கப் போறோமா, பிரசவத்துக்குப் போறோமா?"

காலி சீட்டு

அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெருமாள்சாமி புறப்பட்ட அன்று, வீடு போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லியிருந்தேன். பண்ணினார். தூங்கிட்டா, எழுப்ப மனசில்லாம கார்லயே கொஞ்ச நேரம் விட்டிருக்கேன் என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதமாக ஆளைக் காணோம். பயிற்சிக்கு வந்து போகிறார்களா, நிறுத்திவிட்டார்களா என்று கேட்கப் போனை எடுப்பேன், என்ன பதில் வருமோ என்று வைத்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் கருநீலக் கார் வந்து நின்றது. முதலில் பின்சீட்டைத்தான் பார்த்தேன். காலி. மெத்தையும் இல்லை. பெருமாள்சாமி இறங்கி என்னிடம் வராமல், காரைச் சுற்றிப் போய் முன்பக்கத்து இடது கதவைத் திறந்தார். முதலில் ஒரு கைத்தடி வெளியே வந்தது. பிறகு ராமலட்சுமி அம்மா இறங்கினார். கணவர் நீட்டிய கையைப் பிடிக்காமல், பட்டறை வாசல் வரைக்கும் தானாகவே நடந்து வந்தார். நானும் மாடசாமியும் கையில் கிரீஸோடு அப்படியே நின்றோம். நன்றி சொல்லப்போகிறார், எப்படி அடக்கமாக மறுப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பின்னாடி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. முன்சீட்டுல உக்காந்தாதான் தூக்கித் தூக்கிப் போடுது, என்னன்னு பாருங்க."

எங்கள் தொழிலில் ஒரு வேலை சரியாக முடிந்தது என்பதற்கு, அதே ஆள் தன் காலால் நடந்து வந்து சொல்லும் அடுத்த குறையைவிடப் பெரிய சான்றிதழை நான் இதுவரை வாங்கியதில்லை.