கிணத்துக்கு எத்தனை படி?

பேரையும் ஊரையும் மாத்தித்தான் சொல்றேன். சமரசத்துல பேசுனது வெளிய போகக் கூடாதுங்கிறது சட்டம். ஆனா சம்பந்தப்பட்ட ரெண்டு பேருமே, "சொல்லிக்கங்கய்யா, எங்களுக்கு ஒண்ணும் வெக்கமில்ல"ன்னுட்டாக. வெக்கப்பட வேண்டியவன் நான்தான்.

என் பேரு அந்தோணிராஜ். திண்டுக்கல் கோர்ட்டுல முப்பது வருசமா வக்கீல் குமாஸ்தா, அம்புட்டும் ஒரே ஆளுக்கிட்ட. அன்புக்கரசி மேடம். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுத் தொழிலாளி மக. மதுரையில சட்டம் படிச்சிட்டு வந்து பதினெட்டு வருசம் சிவில் பக்கம் வக்கீலா இருந்தாக. குறுக்கு விசாரணைக்கு அவுக எந்திரிச்சா கூண்டுல நிக்கிறவனுக்கு நாக்கு ஒட்டிக்கும். அப்பேர்ப்பட்ட ஆளு பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி கறுப்புக் கோட்டக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, பயிற்சி எடுத்து, சமரசராப் போயிட்டாக. எனக்கு வந்துச்சே கோவம்! "நல்லா ஓடுற வண்டிய யாராவது ஓரங்கட்டுவாகளா மேடம்?"னு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். கேக்கவா செஞ்சாக?

தோல் வியாபாரக் கூட்டாளிக சண்டை, கட்டட கான்ட்ராக்டர் சண்டைன்னா மேடத்த நடுவராவும் கூப்புடுவாக. நடுவர்னா ரெண்டு பக்கமும் கேட்டுட்டு தீர்ப்புச் சொல்லிறலாம். சமரசர் வேலைதான் கொடுமை. தீர்ப்பே சொல்லக் கூடாது. மொறைச்சுக்கிட்டு வந்த ரெண்டு பேரும் தானா ஒத்து வாரவரைக்கும் பொறுத்துக் கெடக்கணும்.

எந்தச் சமரசமா இருந்தாலும் மேடம் மொதல்ல தன்னப் பத்தித்தான் சொல்லுவாக. எங்க படிச்சேன், எத்தனை வருசம் வக்கீலா இருந்தேன், எல்லாத்தையும். கடைசியா, "ஒங்க ரெண்டு பேருல யாருக்காவது, யாருக்கு எதிராவது நான் முன்ன வக்கீலா நின்னுருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் வெலகிக்கிறேன்"ம்பாக. கருப்பம்மாள் வந்த அன்னைக்கும் அப்படித்தான் கேட்டாக. யாரும் ஒண்ணும் சொல்லல.

கருப்பம்மாளுக்கு அறுவத்தஞ்சு வயசிருக்கும். சித்தையன்கோட்டைப் பக்கம் அரை ஏக்கர் மல்லிகை. அதுதான் சோறு. தண்ணி பாயுறது பங்காளி வீட்டுக் கிணத்துலருந்து. அந்தக் கிணத்துக்காரர் போன வருசம் செத்துட்டாரு. அவரு மகன் கண்ணுசாமி இந்தச் சித்திரையில, தென்னைக்கே தண்ணி பத்தலன்னு மோட்டார் ரூமப் பூட்டிட்டாரு. செடிக்குத் தண்ணி காட்டிப் பதினோரு நாளாச்சு. கருப்பம்மாள் மடியிலருந்து ஒரு கிளையை எடுத்து மேசையில வச்சுச்சு. தொட்டா இலை பொடியுது. "இன்னும் ஒரு வாரம் போனா வேரே கருகிரும்மா. அப்புறம் நான் என்னத்தப் பாத்து உசுரோட இருக்க?"ன்னுச்சு.

கண்ணுசாமி, "இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடியே கோர்ட்டுல தீர்ப்பாயிருச்சுங்க. இவுக வீட்டுக்காரர் பேச்சிமுத்து, கிணத்துல பங்கு கேட்டுப் போட்ட கேஸ் தள்ளுபடி. எங்கப்பா எரக்கப்பட்டுத் தண்ணி விட்டாரு, அம்புட்டுதான்"னு சொல்லி, தீர்ப்பு நகலை என் கையில குடுத்தாரு.

நான் பொரட்டுனேன். கண்ணுசாமியோட அப்பாவுக்காக ஆஜரான வக்கீல்: ஆர். அன்புக்கரசி.

மேடத்துக்கு ஞாபகமில்ல, எத்தனையோ கேஸு. கண்ணுசாமி அப்பத் திருப்பூர்ல வேலையில இருந்தாரு. கருப்பம்மாள் கோர்ட்டுப் படியே மிதிச்சதில்ல. எனக்குத்தான் எல்லாம் ஞாபகம். கூண்டுல நின்ன பேச்சிமுத்துக்கிட்ட மேடம் ஒரே கேள்வி கேட்டாக: "கிணத்துக்கு எத்தனை படி?" அந்த மனுசன் முழிச்சாரு. "எண்ணிப் பாத்ததில்லம்மா"ன்னாரு. பொறந்ததுலருந்து இறங்கித் தண்ணி மொண்டேங்கிறவருக்குப் படி எத்தனைன்னு தெரியலையேன்னு மடக்கி, சாட்சி பொய்யின்னு தீர்ப்பு வாங்கியாச்சு. அந்தக் கேள்விய டீக்கடையில வச்சு எடுத்துக் குடுத்தவன் நான். அதச் சொல்லிச் சொல்லி எத்தனை வருசம் பீத்திக்கிட்டேன், பாவி!

நகலைக் கேஸ் கட்டுக்கு அடியில தள்ளிட்டேன். மேடம் வெலகிட்டா வேற சமரசர் வாரதுக்குப் பத்து நாளாகும். அதுக்குள்ள செடி செத்துரும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உள்ளுக்குள்ள பயந்தது வேறன்னு எனக்கே தெரியும்.

அன்னைக்கு மூணு மணி நேரம் மல்லுக்கட்டு. கண்ணுசாமி வாயால சரின்னாரு, எழுதித் தர மாட்டேன்னாரு. "இன்னைக்கு எழுதுனா நாளைக்கு இவுக மகன் பாதிக் கிணத்தக் கேப்பான்." ரெண்டு தடவை எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டாரு. மேடம் தனித்தனியா உக்காத்தி வச்சுப் பேசிப் பேசி, தெனம் காலையில ரெண்டு மணி நேரம் தண்ணி, ஒரு வருசத்துக்கு மட்டும்னு ஒரு வழியா கண்ணுசாமி எறங்கி வந்தாரு. நான் டைப் அடிச்சேன். அப்பத்தான் மேடம் கையை நீட்டுனாக.

"அந்தப் பழைய தீர்ப்பு நம்பரையும் சேக்கணும். நகலைக் குடு."

"நம்பர் எதுக்கு மேடம், கையெழுத்துப் போட்டுறட்டுமே..."

"குடுய்யா."

குடுத்தேன். மொதப் பக்கத்தப் பாத்தாக. அடுத்த பக்கத்தப் பெரட்டல. நான் குனிஞ்சு காதுல, "செத்த நேரம் பொறுங்க. கையெழுத்தாகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். அந்தம்மா செடியை நெனைச்சுப் பாருங்க"ன்னேன்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

நான் தலையக் குனிஞ்சேன்.

"முப்பது வருசம் எங்கூட இருந்து இதத்தான் கத்துக்கிட்டியா?"ன்னாக. அதுக்கு என்னை அறைஞ்சிருக்கலாம்.

அப்புறம் நேரா கருப்பம்மாளப் பாத்து, "அம்மா, அந்தக் கேஸுல ஒங்க வீட்டுக்காரருக்கு எதிரா நின்ன வக்கீல் நான்தான். இப்பத்தான் தெரிஞ்சுச்சு. நான் இதுல இருக்கக் கூடாது. ரெண்டு பேரும் தெரிஞ்சே சம்மதிச்சாத்தான் இருக்கலாம். இல்லைன்னா வேற ஆளு வருவாக, பத்து நாளாகும்"ன்னாக.

கருப்பம்மாள் அந்தக் கிளையை எடுத்து மடியில வச்சுக்கிட்டு எந்திரிச்சிருச்சு. கதவுக்கிட்டப் போயிருச்சு. போச்சுடா, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். கதவுல கைய வச்சபடி திரும்புச்சு.

"படிக்கட்டுக் கேள்வியக் கேட்டது நீதானா?"

"நான்தாம்மா."

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்"னு என் வாயிலருந்து வந்தே போச்சு. யாரும் என்னைத் திரும்பிப் பாக்கல.

கருப்பம்மாள் மேடத்தத் தாண்டி, கண்ணுசாமிக்கு நேரா வந்து நின்னுச்சு.

"ஏலே, நீ ஊரோட வந்து பதினஞ்சு வருசமாச்சுல்ல? இப்ப அது ஒங்கிணறு. சொல்லு. எத்தனை படி?"

கண்ணுசாமி சிரிக்கப் பாத்தாரு, முடியல. கண்ண மூடிக்கிட்டாரு. உதடு முணுமுணுன்னு அசையுது, விரல் தொடையில எண்ணுது, நடுவுல நிக்குது, மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்குது. மேடம் நாற்காலிக் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காக. அவுக ஒண்ணும் பேசக் கூடாது.

"எண்ணிப் பாத்ததில்ல சித்தி"ன்னாரு கண்ணுசாமி. அதுவரைக்கும் அந்தம்மாவ அவரு மொறை சொல்லிக் கூப்புடவே இல்ல.

"எம்புருசனும் இதத்தானடா சொன்னாரு! அதுக்குத்தான அவரப் பொய்யன்னு எழுதுனாக! முப்பத்தேழு. அன்னைக்குச் சாயங்காலமே போயி எண்ணிட்டு வந்தாரு. அப்புறம் தெனம் எண்ணுனாரு. நடக்க முடியாமப் படுத்த பெறகும், பாயில விரல வச்சு எண்ணிக்கிட்டே கெடந்தாரு."

கண்ணுசாமி மொகத்தத் துண்டால தொடச்சுக்கிட்டு என்னப் பாத்து, "அய்யா, அந்த 'ஒரு வருசத்துக்கு'ங்கிறத எடுத்துருங்க. சித்தி இருக்கவரைக்கும், அதுக்குப் பெறகும்னு போடுங்க"ன்னாரு.

"சமரசத்துக்கு இந்தம்மாவே இருக்கட்டும்"னுச்சு கருப்பம்மாள். "ஆனா தண்ணி மட்டும் எழுதுனாப் பத்தாது. அவரு பொய் சொல்லலன்னு ஒரு வரி வேணும்."

கண்ணுசாமி தலையாட்டுனாரு. மேடம் எனக்குச் சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அம்புட்டு கேஸு ஜெயிச்ச குரல் நடுவுல ரெண்டு தடவை நின்னு போச்சு.

"ஒண்ணாவது: மறைந்த பேச்சிமுத்து, தன் கிணற்றைப் பற்றி நீதிமன்றத்தில் சொன்னது அத்தனையும் உண்மை."