மருமகன் புலம்பல்

எங்கள் ஆட்களுக்குச் செத்த பிறகுதான் நல்ல குணம் வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடிப்பார்கள். செத்தவரின் படம், வம்சாவளி, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளாளுக்கு அழுகிற பாட்டுகள். அழுகிறவர்கள் எழுதுவதில்லை, அதற்கென்று ஆள் இருக்கிறார். வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்காத என் அப்பா, தன் கல்வெட்டில் கருணைக் கடல். வம்சாவளியில் நாலு அண்ணன்மாரும் குடும்பத்தோடு நின்றார்கள். ஒரே மகளான என் பெயர் இல்லை. ஹெய்ட்டிக்காரனைக் கட்டியவள் அல்லவா! கேட்டதற்குப் பெரியண்ணை, "பக்கத்தில இடம் போதாமல் போச்சு" என்றார். வீட்டு நாயின் படத்துக்கு அரைப்பக்கம் இடம் இருந்தது.

போன பனிக்காலம் எங்கள் ஊர் லாசால் நூலகத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பினக் கவிஞர் வந்திருந்தார். தன் குடும்பத்தைத் தேடிப் பழைய அடிமைப் பண்ணைப் பத்திரங்களைப் புரட்டினாராம். அதில் குதிரைகளுக்குப் பெயர் இருந்தது, அவருடைய மூதாய் வெறும் 'ஒரு பெண்'. அந்தப் பெண்ணின் குரலிலேயே கவிதை எழுதி வாசித்தார். எனக்கு அழுகை வந்தது, எரிச்சலும் வந்தது. அவர்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றல்ல, தெரியும். அவர்களின் பெயரை விழுங்க எசமான் வேண்டியிருந்தது. எங்களுக்கு அண்ணன்மாரே போதும்.

அடுத்த மாதம் அம்மா போய்விட்டார். ஆற்றுக்கு அக்கரை லொங்குய்யிலிருந்து பெரியண்ணை தொலைபேசியில் வந்தார்.

"பாட்டு எழுதிற ஐயா ஊருக்குப் போயிட்டார். நீதானே கவிதை எழுதிறனி, புலம்பல் எல்லாம் எழுதித் தா."

"வம்சாவளியில நான் இருக்கிறனோ அண்ணை?"

"அதைப் பேந்து கதைப்பம்."

அவருடைய 'பிறகு' எப்போதும் வராது என்று எனக்குத் தெரியாதா!

எழுதினேன். மக்களுக்கும் பேரருக்கும் வழக்கமான கருணைக் கடல், குலவிளக்கு. கடைசியில் மருமகன் புலம்பல், என் கணவனின் குரலில். துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறவன், வேலை மாற்றிக்கொண்டு மாமியை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போனது. குனிந்து அவருடைய பனிச்சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டது. அவர் அவன் தலையைத் தடவி, "சாப்பிட்டியோ மோனை?" என்று மகனிடம் போலக் கேட்டது. மகன்மாருக்கு அப்போதெல்லாம் கடும் வேலை, பாவங்கள்.

வாசித்த கையோடு அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"உனக்கென்ன விசரே? எந்த மருமகன் எண்டு சனம் கேக்குமெல்லே!"

"அம்மாவுக்கு ஒரு மருமகன்தானே அண்ணை."

பேனை தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அவன்ர பேரென்ன?" என்றார். நாங்கள் கலியாணம் கட்டிப் பதினாலு வருடம்.

"சொல்லுறன்" என்றேன். "முதல்ல என்ர பேரை எழுதுங்கோ."