மலையைப் பார்த்த அம்மா

ஆகஸ்ட் கடைசி. மெல்பர்னுக்கு வெளியே டண்டினாங் மலைப்பாதையில் சும்மா நடக்கிறேன். வசந்தம் வர இன்னும் சில நாள் இருக்கிறது; வானம் சாம்பல் நிறம். ஈரத்தில் ஊறிய யூகலிப்டஸ் இலையின் வாசம் எழுந்ததும் பத்து வயதுக்குப் போய்விட்டேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையிலும் இதே மரம், இதே மூட்டம். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. சேர்க்கைக்குக் கடைசி நாள். அன்று பத்து மணிக்குள் டவுன் பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுக்காவிட்டால், மறுநாளே கங்காணி என்னைக் கொழுந்து பறிக்கிறவர்களோடு சேர்த்து எழுதிவிடுவார். அம்மா வேலைக்குப் போகாமல் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"கூடை இல்லாம நடந்தா யாரோட முதுகோ மாதிரி இருக்குடி" என்று சிரித்தாள். வழியோரச் செடிகளில் அவள் விரல்கள் தாமாகவே கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு வந்தன.

ஒரு வளைவில் மூட்டம் விலகியது. அம்மா நின்றுவிட்டாள்.

"நம்ம மலையா இது? இருவது வருசமா செடியத்தான் பாத்திருக்கேன். ஒரு நிமிசம் இரு புள்ள."

"நேரமாச்சும்மா, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். அதை எங்கேயும் தலைநிமிர்ந்து சொல்வேன். அம்மா மறுநாள் கூடையோடு மலையேறினாள்.

இங்கே என்னை அவசரப்படுத்த ஆளில்லை. வேண்டிய இடத்தில் நின்று பார்க்கிறேன். அன்று நாங்கள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.