மேலே ஆக்கள் நிக்கினம்

எங்கள் வீட்டு மேலறையில் நின்று பார்த்தால் உட்துறைமுகம் முழுவதும் தெரியும் என்பார்கள். வந்து தங்கிப் போகிறவர்கள் சொல்லித்தான் எனக்கும் தெரியும். அந்த அறைக்கு நான் ஏறாத நாளில்லை. ஆனால் ஒரு கையில் கூட்டுகிற தும்புத்தடியும் மறு கையில் அழுக்குத் துவாயுமாக நிற்கிறவளுக்குக் கடல் எங்கே தெரியும்? கட்டிலுக்குக் கீழே கிடக்கும் மணல்தான் தெரியும்.

வீட்டை வங்கியில் ஈடு வைத்துத்தான் கட்டி முடித்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் இயந்திரப் பகுதியில் வேலை. எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலை. இரண்டு சம்பளத்துக்கும் தாங்கும் என்று பார்த்துத்தான் கடன் எடுத்தோம். பிறகு நாடே எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. வட்டியும் விறுவிறுவென்று ஏறியது. மாதம் தவறாமல் கட்டியும் எல்லாவற்றையும் வட்டியே விழுங்கிக்கொள்ள, முதல் அசையாமல் அப்படியே கிடந்தது. ஊராருடைய கணக்கையெல்லாம் சரிபார்க்கிறவளுக்குத் தன் வீட்டுக் கணக்கு இப்படிக் கிடந்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனித் தவணைக்கு மேலேயும் கட்டி முதலைக் குறைப்பது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அவர் வழக்கம்போல, “நீங்கள் சொன்னாச் சரிதான்” என்றார்.

அவசரத்துக்குக் காரணம் மகள். எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முற்றானால் வீட்டை அவள் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின்வளவில் சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். வீட்டு உறுதிப் பத்திரம் வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தால் எதை எழுதிக் கொடுப்பது?

அதனால் மேலறையை இணையத் தளமொன்றில் போட்டுச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டோம். அது மகளுக்கென்று கட்டிய அறை. வர்ணம் காய்ந்தபோது அவள் பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள், பிறகு கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள். அறை சும்மாதானே கிடக்கிறது என்று நினைத்தோம். அடுத்த சீசனில் கீழே எங்கள் அறையையும் விட்டுவிட்டுப் பின்னால் குசினியோடு ஒட்டித் தகரக் கூரை போட்டுக் கட்டில்களை அங்கே நகர்த்தினோம். மகளின் கலியாணத்துக்குப் பிறகு போக வேண்டிய பின்வளவுக்கு, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

வந்து தங்குகிறவர்களுக்குப் பாரை மீன், எங்களுக்கு மலிவான சூடை மீன். அவர்களுக்கு மின்விசிறி, எங்களுக்குப் பனையோலை விசிறி. வெருகல் திருவிழாவுக்குப் போய்வருவோமா என்று அவர் வருடா வருடம் கேட்பார். “முருகன் இஞ்சயும் இருக்கிறார்தானே” என்று நானும் வருடா வருடம் சொல்லுவேன். ஓவர்டைம் என்று யார் கூப்பிட்டாலும் போனார். சில நாட்கள் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடியே தூங்கிப்போவார். தட்டி எழுப்பி, மிச்சச் சோற்றைச் சாப்பிட வைப்பேன். தங்கிப் போன ஒருவர் எங்களைப் பற்றி, ‘வீட்டுக்காரர் மிகவும் எளிமையானவர்கள்’ என்று இணையத்தில் எழுதியிருந்தார். வாசித்துவிட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, கழுத்துவரை அலுப்பும் வந்தது.

எங்கள் ஊர்ச் சீசன் சித்திரையில் தொடங்கும். மகளுக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் முதல் கேள்வி அதுதான்.

“அம்மா, மேல ஆக்கள் நிக்கினமா?”

“ஓம் பிள்ளை, சீசன்தானே. அதுக்கென்ன, பின்னுக்கு எங்களோட படுக்கலாம். வா.”

“வேண்டாமம்மா, சரியான வெக்கை. பிறகு ஒருக்கா வாறன்.”

ஒரே ஒரு சித்திரைக்கு வந்தாள். மூன்றாவது கட்டில் போட இடமில்லை என்று தகப்பன் பின்முற்றத்தில் பாயை விரித்தார். வெளியில் நல்ல காற்று என்று காலையில் சொன்னார். முதுகை நிமிர்த்தத்தான் அவருக்கு நேரம் எடுத்தது. அதற்குப் பிறகு அவள் சீசனுக்கு வரவில்லை. இந்த வருடச் சித்திரைக்கு அந்தக் கேள்வியையும் கேட்கவில்லை. வேலை எப்படி, சாப்பிட்டாயா என்று கதைத்துவிட்டு வைத்துவிட்டாள். அவளுக்காகத்தான் இந்த வீட்டைக் கட்டிக் காக்கிறோம், அவளோ வீட்டை மறந்துகொண்டிருக்கிறாள். இதை அவரிடம் சொன்னபோது, “உறுதி கையில வந்தா எல்லாம் சரியாகும்” என்றார். உறுதி கையில் வரும்போது மகள் இருப்பாளா என்று கேட்க வாய்வரை வந்தது. களைத்து வந்த மனுசனிடம் கேட்க மனம் வரவில்லை.

சித்திரைப் புதுவருடம் கழிந்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெண் மேலறையைப் பதிவு செய்தாள். பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டாள். காலைச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்ற இடத்தில், பிட்டும் மீன் சொதியும் என்று எழுதியிருந்தாள். மற்றவர்கள் பாணும் முட்டையும் கேட்பார்கள். யாரோ நல்ல வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அவள் வருகிற அன்று விடியச் சந்தைக்குப் போய், சொதிக்கென்று பார்த்துப் பார்த்துப் பாரை வாங்கினேன். புது விரிப்புப் போட்டேன். அவர் சேர்ட் மாட்டி, செவ்விளநீர் ஒன்றைச் சீவி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வருகிறவர்களுக்கு இளநீர் கொடுத்து வரவேற்பது அவர் தானாகவே ஏற்படுத்திக்கொண்ட முறை.

சொன்ன நேரத்துக்கு ஓட்டோ வந்து நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவள் எங்கள் மகள்.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு பிள்ளையைக் காண்கிறேன். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ வேறு.

“ஐயோ பிள்ளை, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிறாய்! இப்ப மேல ஆக்கள் வரப்போகினமே!”

அவள் முகம் ஒரு கணம் என்னவோ போலானது. பிறகு சிரித்துக்கொண்டு தகப்பனின் கையிலிருந்த செவ்விளநீரை வாங்கினாள்.

“நான்தானம்மா அந்த ஆக்கள். சிநேகிதியின்ட பேரில புக் பண்ணிப்போட்டு வந்தனான். காசும் கட்டியாச்சு. இனி ஒருத்தராலயும் என்னைப் பின்னுக்குப் போ எண்டு சொல்ல ஏலாது.”

“விசரி! புக் பண்ணுற தளக்காரனுக்குப் போற கொமிஷன் வீணாப் போச்சேடி” என்றேன். எனக்கு அப்போதும் கணக்குத்தான் ஓடியது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவள் எங்கள் இருவரையும் மேலே கூட்டிக்கொண்டு போனாள். கீழறைக்கு அன்று ஆளில்லை, அதனால் நான் சாட்டுச் சொல்லவும் வழியில்லை. அவர் யன்னலோரக் கதிரையில், பிறத்தியார் வீட்டுக்கு வந்தவரைப் போல நுனியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்துகொண்டார்.

“இஞ்ச வாங்கோவன், பாருங்கோ, அதுதான் எங்கட படகு” என்று தண்ணீரில் கட்டிக் கிடந்த இழுவைப் படகைக் காட்டினார். அதற்குள்ளேயே இத்தனை வருடம் வெந்து கிடந்தவர், அதை எட்ட நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை போலிருக்கிறது. வெயில் சாய்ந்து துறைமுகம் முழுக்கப் பளபளத்தது. தங்கிப் போனவர்கள் சொன்னது சரிதான், நல்ல வடிவு.

அந்த அறைக்குப் பின்பக்கமும் ஒரு யன்னல் உண்டு. பழக்கதோஷத்தில் அதன் திரைச்சீலை அழுக்காகிவிட்டதா என்று பார்க்கப் போனேன். கீழே பின்வளவு தெரிந்தது. காற்றுக்குத் தூக்காமல் தகரத்தின் மேல் பழைய டயரும் கல்லும் ஏற்றி வைத்திருக்கிறோம். ஒழுகும் இடத்தில் நீலத் தார்ப்பாய்ப் படங்கு. கொடியில் அவருடைய ஓட்டை விழுந்த பெனியனும் என் வீட்டுச் சட்டையும். மேலே நின்ற ஆக்கள் எல்லாரும் கடலைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட, அந்தத் தகரத்துக்குக் கீழே படுத்த எங்கள் இருவர் மேலும் பாவமாக இருந்தது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அண்டைக்கு வந்தநேரம், மேல நிண்ட ஆக்கள் விடியக் கடலுக்குப் போனாப்பிறகு நானும் இதில நிண்டு பாத்தனானம்மா. அப்பா கீழ முற்றத்தில சுருண்டு படுத்திருந்தவர். நான் வந்தா அவருக்கு அந்தத் தகரத்துக்குள்ளயும் இடமில்லை. அதுதான் பிறகு வரேல்ல.”

வெக்கை என்று அவள் சொன்னதை நான் வெக்கை என்றே எடுத்திருந்தேன். அவள் தலையைத் தடவினேன். அவர் கதிரையிலேயே தூங்கிப்போயிருந்தார், மடியில் கோப்பை இல்லாமல்.

காலையில் பழக்கத்தில் நேரத்தோடு எழும்பிப் பிட்டவித்துச் சொதியும் வைத்து மேலே கொண்டுபோனேன். மூவரும் பாரையைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். சொதியைப் பிட்டில் ஊற்றிக்கொண்டே மகள் கேட்டாள்.

“அம்மா, அடுத்த சித்திரைக்கும் இப்பவே புக் பண்ணட்டோ? பிந்தினா ஆக்கள் வந்திடுவினம்.”

பகிடிக்குக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள். தன் வீட்டுக்கு வர ஒரு பிள்ளை முன்கூட்டியே இடம் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். தவணைக்கு மேலே வங்கிக்குக் கட்டுகிற காசு குறையும், உறுதி வரப் பிந்தும், அவருடைய ஓவர்டைம் இன்னும் நீளும். எல்லாம் எனக்குத் தெரியும், அதைக் கணக்குப் போட எனக்குக் காகிதமும் தேவையில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் தொலைபேசியை அவளிடம் நீட்டினேன்.

“இந்தப் புக்கிங் பக்கத்தில சித்திரை மாதம் ஆக்கள் வராமப் பூட்டுறது எப்பிடியெண்டு காட்டு” என்றேன். “எனக்கு நாள் திறந்துவிட மட்டும்தான் தெரியும்.”