நீதிபதி எழுந்து போகவில்லை

நாய்க்குக் காது போய்விட்டது என்ற வதந்தி தரைத்தளத்தில் பிறந்து, லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியேறி, இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. கிளப்பிவிட்டவர் கீழே தையல் மெஷின் போட்டிருக்கும் அக்கா.

"பின்னாடியே போய் நின்னு கூப்பிட்டேன் தம்பி. திரும்பல. சரி, உங்க வீட்டு நாய் என்னைக்கு என்னை மதிச்சிருக்கு? ஆனா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சேன். அதுக்குமா திரும்பாது?"

வேறு யாராக இருந்தாலும் நாயை நினைத்து உச்சுக் கொட்டியிருப்பார்கள். லிஃப்ட்காரரோ கலங்கிப் போனார். "அக்கா, நீங்க தைக்கற வேலையைப் பாருங்க. என் நாயோட காதை நான் பாத்துக்கறேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் கலங்கிய காரணம் புரிய வேண்டுமானால் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தொழிலில் அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதவியில் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் ஓர் இசைக்குழுவில் வயலின் வாசித்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளியில் பாட்டு டீச்சர். மாமியார் வெங்காயம் நறுக்கினால்கூடத் தாளம் தப்பாது. அந்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடிக் குறையலாம், சுருதி மட்டும் இம்மி பிசகக் கூடாது.

அதைக் கண்காணிக்கத்தான் நாய். குட்டியாக இருந்தபோது, மாமனாரிடம் படிக்க வந்த ஒருவர் தப்பாக வாசித்தாராம். நாய் எழுந்தது, சோம்பல் முறித்தது, அறையை விட்டு வெளியே போய்விட்டது. வீடே கைதட்டியது. அன்றிலிருந்து அதற்கு நீதிபதி என்று பெயர். யார் எந்தப் புதுப் பாட்டைப் பிடித்தாலும் முதலில் நீதிபதி முன்னால் ஒப்பிக்க வேண்டும். எழுந்து போனால் பாட்டு தள்ளுபடி, மேல்முறையீடு கிடையாது. மாமனாரே தாம் போட்ட இரண்டு மெட்டுகளை அப்படித் தூக்கிப் போட்டவர். ஆகவே நேர்மையைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது.

லிஃப்ட்காரர் கல்யாணமான புதிதில் தலை சீவிக்கொண்டே ஏதோ பாடினார். நீதிபதி எழுந்து போய்க் கதவைப் பிறாண்டியது. அன்று எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் ஒரு நகைச்சுவையை வருஷக்கணக்கில் தினமும் சொன்னால் எப்படியிருக்கும்? அவர் துண்டை எடுத்தாலே மாமியார், "மாப்பிள்ளை குளிக்கப் போறார், நாயை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார். அவர் பாடுவதையே விட்டார். விட்டதை யாரும் கவனிக்காததுதான் கூடுதலாக எரிந்தது.

பிறகு மகள் பிறந்தாள். தொட்டிலைச் சுற்றி ஒரு கச்சேரியே கூடிவிட்டது. தாத்தா வாசிப்பார், பாட்டி பாடுவாள், அம்மா பாடுவாள். அப்பா ஈரத்துணி மாற்றுவார்.

"மொதமொதல்ல காதுல விழறது சுத்தமா இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் மனைவி. தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று சொல்பவர்கள், வேறு எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லித் தருவதில்லை. மற்றவர்கள் குரலைக் கேட்டால் குழந்தை கழுத்தைத் திருப்பும். இவரைப் பார்த்தால், துணி மாற்ற வந்திருக்கிறார் என்று காலைத் தூக்கும்.

ஒருநாள் மதியம். குழந்தை வீறிட்டது. பெண்கள் இருவரும் சமையலறையில். அசதியில் அவர் தம்மை மறந்து பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. "ஒண்ணாம் மாடி தூங்கியாச்சு, ரெண்டாம் மாடி தூங்கியாச்சு" என்று மாடி மாடியாக ஏறும் சொந்தச் சரக்கு. மூன்றாம் மாடியில் குழந்தை அழுகையை நிறுத்தி, யார் இது என்பதுபோல அவரையே பார்த்தது. கரண்டியோடு ஓடிவந்த மனைவியை மாமனார் வயலின் வில்லை நீட்டித் தடுத்தார்.

"அங்க பாரு."

நாய் தொட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. அசையவில்லை.

"நீதிபதியே உக்காந்து கேக்கறார். நமக்கென்ன? பாடட்டும் விடு."

அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. மதியத் தூக்கம் அப்பாவின் பொறுப்பு என்றாயிற்று. அதற்காகவே வேலை நேரத்தைக் காலைக்கும் மாலைக்குமாக மாற்றிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுருதி கூடிவிட்டதாக நம்பினார். லிஃப்ட் மோட்டார் அறையில்கூட முணுமுணுத்தார். அந்த நேரத்தில்தான் தையல் அக்கா இப்படி ஒரு குண்டைப் போட்டது.

உண்மையைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் பெரியவர்கள் யாருமில்லாத நேரம் பார்த்து, படுத்திருந்த நாய்க்குப் பின்னால் ஒரு தட்டைப் போட்டார். நாய் தலை தூக்கியது. ஆஹா! ஆனால் லிஃப்ட்காரனுக்குத் தரை அதிர்வைப் பற்றித் தெரியாதா? அதிர்வு போகக் கூடாது என்று மெத்தையின் மேல் தட்டைப் போட்டார். நாய் அசையவில்லை. ஐயோ! ஆனால் மெத்தையில் விழுந்த தட்டின் சத்தம் அவருக்கே கேட்கவில்லையே. கடைசியில் வாயால் கத்திப் பார்த்தார். தொட்டிலில் குழந்தைதான் விழித்தது.

அன்று மாலை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நகம் வெட்ட வேண்டும் என்று சொல்லி நாயைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். தூக்கித்தான் போக வேண்டும். வழவழத் தரையில் பின்னங்கால் வழுக்குகிறது, கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. வீட்டில் இரண்டு பேருக்கு எழுந்து நிற்க வரவில்லை. ஒன்று இனிமேல் கற்றுக்கொள்ளும், மற்றொன்று மறந்துகொண்டு வருகிறது. இரண்டையும் தூக்குவது ஒரே ஆள்தான். அதில் மட்டும் யாரும் சுருதி பார்ப்பதில்லை.

மருத்துவர் நாயின் தலைக்குப் பின்னால் கை தட்டினார், விசில் ஊதினார்.

"சுத்தமா கேக்கல. அதான் அன்னைக்கே பெரியவர்கிட்ட சொல்லி அனுப்பினேனே."

"எந்தப் பெரியவர்?"

"உங்க மாமனார்தான். வயலின் பெட்டியை மேஜை மேல வெச்சுட்டு, நாயை நீங்க தூக்குங்கன்னார். பேரக்குழந்தை பொறக்கப்போகுதுன்னு ஒரே சந்தோஷம் அவருக்கு."

பிறக்கப்போகிறது என்றால், பிறப்பதற்கு முன்பு. லிஃப்ட்காரர் நகம்கூட வெட்டாமல் திரும்பினார்.

வழியெல்லாம் கொதித்தது. அப்படியானால் அந்த மதியம் கிழவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தேதான் வில்லை நீட்டினார். பிச்சை போட்டாரா? அல்லது கொஞ்ச நாளாக வில் பிடிக்கும் கை நடுங்குகிறதே, அதையும் அதே நாய்தானே மன்னித்துக்கொண்டிருக்கிறது, அந்தப் பயமா? கருணை என்றால் அவமானமாக இருந்தது. சுயநலம் என்றால் சண்டை போடலாம். சண்டை போட்டு உண்மை வெளியே வந்தால் மதியம் போய்விடும். மகள் மறுபடியும் காலைத் தூக்குவாள். கோபப்படவும் வழி விடாத மனிதர்மேல் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்தில்லை.

கேட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தார். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. மனைவி பாடிப் பார்த்துத் தோற்றிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை. நகம் வெட்டியாச்சா?" மாமனார் நாயின் பாதத்தைப் பார்த்தார். வெட்டாத நகம் அப்படியே இருந்தது. பிறகு மருமகனின் முகத்தைப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

மனைவியும் திரும்பினாள். "ஏன், நாய்க்கு என்ன?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"வயசாச்சுன்னார்" என்றார். "வேற ஒண்ணுமில்லையாம்."

"எங்க அப்பா வாசிக்கறேன்னு பிடிவாதம் பிடிக்கறாரு, கையெல்லாம் நடுங்குது" என்றாள் மனைவி. "நீங்களாவது வந்து பாடுங்க. எனக்குத் தொண்டை போச்சு."

மாமனார் குழந்தையை இவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அந்தக் கை நடுங்கத்தான் செய்தது. ஒண்ணாம் மாடி தூங்கியது, இரண்டாம் மாடி தூங்கியது. சுருதி எங்கே போகிறது என்று இப்போது அவருக்கே கேட்டது. கேட்கக் கேட்கக் குரல் இன்னும் மோசமானது. நாலாம் மாடியில் மாமனார் வயலினை எடுத்து, ஓடிப்போகும் அந்தப் பாட்டின் பின்னாலேயே மெல்ல வாசித்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் இரண்டு இடத்தில் தடுக்கினார்கள். குழந்தை தூங்கவில்லை. ஆனால் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பியது.

மறுநாள் காலை நாயை வெளியே விட மருமகனும் மாமனாரும் ஒன்றாக லிஃப்டில் இறங்கினார்கள். நாய் மருமகன் தோளில். ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நன்றி என்பதா, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதா, அதுதான் பிடிபடவில்லை.

"மாமா..."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

தரைத்தளம் வந்தது. கதவு முனகியபடி திறந்தது.

"இல்ல... கதவுல சத்தம் வருது. ஒருநாள் பாக்கணும்."

"பாருங்க. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு மாமனார் முன்னால் நடந்தார்.