வெள்ளிக்கு முன்னால் மூட்டை நகராது

தமிழ்நாட்டிலிருந்து எங்களைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் எங்கள் தமிழைத்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் பர்மியத்தில் பதில் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்கள் ஊரில் இட்லி மெத்தென்று வருவதற்கு நாங்கள் விளைவிக்கும் உளுந்தும் ஒரு காரணம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நாங்கள் பர்மாவில், யாங்கோனுக்கு அடுத்த கியாக்தான் பக்கம். நெல் அறுத்ததும் அதே வயலில் உளுந்து விதைப்போம். பங்குனியில் செடியைப் பிடுங்கிக் காயவைத்து, மாரியம்மன் கோயிலை ஒட்டிய களத்தில் அடிப்போம். முதலில் அடித்த உளுந்தில் ஒரு கூடையைத் தனியே எடுத்து வைப்போம். கோயில் திருவிழாவின் வெள்ளிக்கிழமை தீ மிதித்தவர்கள் குழியை விட்டு வெளியே வந்ததும், அந்த உளுந்தில் சுட்ட வடை முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். பிறகுதான் ஊர் சாப்பிடும். அதுவரை ஒரு மணி உளுந்துகூடக் களத்தை விட்டுப் போகாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை யாங்கோன் தரகர் லாரியோடு வந்து நின்றார். அவரும் தமிழர்தான். கப்பல் காத்திருக்கிறது, இன்றைக்கே ஏற்றுங்கள் என்றார். மேற்கே மேகம் கறுத்திருந்தது. உளுந்து நனைந்தால் எவனும் வாங்க மாட்டான், வருஷத்துச் சாப்பாடு போய்விடும். என் கொழுந்தனார், இன்றைக்கே நாலு வடை சுட்டு அம்மனுக்குக் காட்டிவிட்டு ஏற்றிவிடலாம் என்றார். சிலர் அதற்குள் ஒரு மூட்டையை லாரியில் ஏற்றியும் விட்டார்கள்.

நான் லாரியின் பின்பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வயல்காரர் பர்மியர். மகனுக்காக வேண்டிக்கொண்டு எங்களோடு காப்புக் கட்டி விரதம் இருந்தார். அவருக்குச் சேர வேண்டிய வடையை அவர் தீ மிதிக்கும் முன்னே சுட்டுத் தின்ன எனக்கு மனசு வராது.

தரகர், பர்மியர்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். "அமா, மழை வந்தா அம்மனா வந்து மூட்டை தூக்கும்?"

"அது தூக்காது. நாங்கதான் தூக்கணும். தூக்குறவங்க சொல்றப்பதான் மூட்டை நகரும்."

"இந்தக் காட்டுல ஒக்காந்துகிட்டு என்ன வீம்பு? ஒங்க பிள்ளைங்களுக்குத் தமிழே வரல. சாமி மட்டும் எதுக்கு?"

"தமிழ் ஒனக்கு நல்லா வருது. அத வச்சு என்ன கேட்ட? நாலு நாள் பசிச்சுக் கெடக்கிறவன் திங்கறதுக்கு முன்னால மூட்டையக் கேட்ட."

பர்மிய வயல்காரர் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு லாரியில் ஏறினார். ஏற்றியிருந்த மூட்டையைத் தூக்கித் திரும்பக் களத்தில் போட்டார். அதற்குப் பிறகு யாரும் ஏற்றவில்லை. லாரி காலியாகத் திரும்பியது. கொழுந்தனார் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வியாழன் சாயங்காலம் மழை வந்தது. தார்ப்பாய் போட்டும் ஓரத்து மூட்டைகள் நனைந்தன. அம்மன் காப்பாற்றியது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை தீ மிதித்தார்கள். வயல்காரர் முதல் வடையை வாங்கிப் பிட்டு, பாதியைக் கொழுந்தனாரிடம் நீட்டினார். அவர் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார்.

நனைந்ததை வெயிலில் பரப்பிக் காயவைத்தோம். நிறம் மங்கிய உளுந்தை எந்த ஏற்றுமதிக்காரனும் தொட மாட்டான். அதை உடைத்துத் தோல் நீக்கி, பஸ்ஸின் மேல் கட்டி யாங்கோனில் இருக்கும் தின்கன்ஜூன் சந்தைக்குக் கொண்டுபோனேன். நாலு வீட்டுப் பெண்கள் வாங்கினார்கள். மறு வாரம் அவர்களே தேடி வந்தார்கள். அன்றிலிருந்து வாரா வாரம் அங்கே தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறேன். மாவும் அரைத்து விற்கிறேன். பர்மியப் பெண்கள் பர்மியத்தில் கேட்டால் பர்மியத்தில் பதில் சொல்கிறேன். அதனால் என் உளுந்து வேறு உளுந்தாகிவிடவில்லை.

இந்த வருஷம் தரகர் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, தீமிதி எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப சனிக்கெழம லாரி அனுப்பவா, அமா?"

"அனுப்பு. பாதிதான் ஒனக்கு. மீதி என் சந்தைக்கு."